அட்டை இல்லாத ஒருத்தி காரில் இருந்தாள்

மே மாதம் பிறந்துவிட்டால் அனந்தலக்ஷ்மி மாம்பழத்தைத் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்திலேயே தின்று முடித்துவிடுவாள். சாயங்காலம் ஐந்தரை மணி வெயிலில், சுடிதாரில் சாறு வழியாமல் முன்னால் குனிந்து நின்றுகொண்டு, தோலைப் பல்லால் இழுத்துத் தின்பாள். லைனில் வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் தெற்கே வேராக்ரூஸ் பக்கத்திலிருந்து இந்த மெக்சிகோ எல்லை ஊரான ஹுவாரெஸுக்குப் பிழைக்க வந்தவர்கள். ஊரிலிருந்து பழக்கூடை வந்தால் அவளுக்கென்று இரண்டு எடுத்து வைத்திருப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். வீட்டுக்கு எடுத்துப் போகவும் வழியில்லை. தின்று முடித்துக் கொட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டு, பாட்டில் தண்ணீரில் கை கழுவிவிட்டு, பின்சீட்டு, காலடி, டிக்கி என்று ஒருமுறை பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பாள்.

பாலம் ஏறி இறங்கினால் டெக்சாஸ். அந்தப் பாலத்தில் அவளுக்கென்று தனிப்பாதை இருந்தது. அடிக்கடி எல்லை தாண்டுகிறவர்களைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து, பத்து விரல் ரேகையும் எடுத்து, நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, இவரை நம்பலாம் என்று தோன்றினால் கொடுக்கிற சென்ட்ரி அட்டை அவளிடம் இருந்தது. பாஸ்போர்ட் வேண்டாம். அட்டை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் போதும், மற்ற வண்டிகள் இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இவள் பதினைந்து நிமிடத்தில் வீடு இருக்கும் எல் பாசோவில் இருப்பாள். அந்தப் பாதைக்கு விதி கறார். காரில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அந்த அட்டை இருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு பழம் இருந்தால்கூட அட்டை போய்விடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வளர்ந்தவள் அவள். அப்பா அங்கே ஒரு பட்டறையில் ஃபோர்மேன். டிப்ளமோ முடித்து, கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கும் ஹார்னஸ் கம்பெனியில் குவாலிட்டி பார்த்தபடியே பகுதி நேரத்தில் பி.இ. படித்தாள். ஜம்புநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு எல் பாசோ வந்தபோது, பாலைவனத்துக்கு நடுவே நமக்கு என்ன வேலை கிடைக்கப்போகிறது என்றுதான் நினைத்தாள். ஜம்புநாதனுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வக வேலை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸில் ஹார்னஸ் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்பதை வந்து ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். விண்ணப்பித்த மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது. இந்தியாவில் செய்த அதே வேலை. மொழி மட்டும் ஸ்பானிஷ்.

அந்த ஸ்பானிஷைக் கற்றுக்கொடுத்தவள் ஓஃபீலியா. லைன் சூப்பர்வைசர், அனந்தலக்ஷ்மியைவிட நான்கு வயது மூத்தவள், குட்டையான உருவம், காதில் எப்போதும் பென்சில். முதல் மாதத்தில் அனந்தலக்ஷ்மி ஒரு ஒயரைச் சொல்லப்போய் வேறு எதையோ சொல்லி முப்பது பேரையும் சிரிக்க வைத்தாள். ஓஃபீலியா மட்டும் சிரிக்காமல் அவளை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சரியான வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் பத்து வார்த்தை. பெயர் வாயில் நுழையாமல் எல்லோரும் அவளை அனா என்றார்கள். ஓஃபீலியா மட்டும் இன்ஹெனியேரா, அதாவது இன்ஜினியரம்மா, என்றே கூப்பிட்டாள்.

அப்போது சென்ட்ரி அட்டை இல்லை. தினமும் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் கைப்பையில். காலையில் ஹுவாரெஸுக்குள் போவது சுலபம், யாரும் நிறுத்துவதில்லை. சாயங்காலம் திரும்புவதுதான் பாடு. மகள் தீக்ஷாவுக்கு மூன்று வயது, டேகேரில் விட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். சாதாரண நாளில் ஜம்புநாதன் போய் அழைத்து வருவான். ஒரு புதன்கிழமை அவன் டல்லஸில் பயிற்சிக்குப் போயிருந்தான். அன்றைக்குப் பார்த்துப் பாலத்தில் இரண்டு கவுண்டர்தான் திறந்திருந்தது. நான்கு மணிக்கே கிளம்பியும் அனந்தலக்ஷ்மி வரிசையில் மாட்டிக்கொண்டாள். ஐந்தரைக்குப் பாலத்தின் ஏற்றத்தில் இருந்தாள். அங்கிருந்து எல் பாசோ நன்றாகத் தெரிந்தது. ஏறக்குறைய டேகேர் இருக்கும் தெருவரைக்கும் தெரிந்தது. இறங்கி ஓடினால் இருபது நிமிடம். காரை அங்கேயே விட்டுவிட்டு ஓட முடியாது. போன் செய்தாள், கெஞ்சினாள், மன்னிப்புக் கேட்டாள். போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போயிருந்தார்கள். நாலரை மணிக்கே மாட்டிக்கொண்ட ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று, ஷூவோடு பாயில் உட்கார்ந்திருந்தாள் தீக்ஷா. அழவில்லை. "அம்மா கார் ரிப்பேரா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரக்கடைசியிலேயே அனந்தலக்ஷ்மி சென்ட்ரிக்கு விண்ணப்பித்தாள். ஒன்பது மாதம் ஆயிற்று. அட்டை வந்த நாளிலிருந்து அவள் சாயங்காலமே மாறிப்போனது. கொஞ்ச வருடத்தில் குடியுரிமையும் வந்தது. அதற்குப் பிறகு கிரீன் கார்டும் கிடையாது, பாஸ்போர்ட்டும் பீரோவுக்குள் போய்விட்டது. பர்ஸில் சென்ட்ரி அட்டை ஒன்று, மெக்சிகோவில் வேலை செய்வதற்கான அனுமதி அட்டை ஒன்று, அவ்வளவுதான். பத்து வருடத்தில் ஒருமுறைகூட அவள்மேல் புகார் இல்லை. பண்டிகை நாளில் பெண்கள் கொடுக்கும் செடியைக்கூட வாங்க மாட்டாள். தீக்ஷா கேலி செய்வாள். "அம்மா, யு டோன்ட் ஈவன் ஜேவாக்," என்பாள். ஆளில்லாத ரோட்டில்கூட சிக்னலுக்கு நின்றுதான் கடப்பாள் அம்மா என்பது அந்தப் பெண்ணின் பெரிய குறை.

இந்தக் கறாரான மனுஷி விதியை மீறியது 2023 மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை.

ஓஃபீலியாவுக்கு ஒரே மகன், மாத்தேயோ. எல் பாசோவில் பிறந்ததால் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவன். அத்தை வீட்டில் தங்கி அங்கேயே பள்ளி முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஊருக்கு வெளியே இருக்கும் ராணுவ முகாமிலேயே வேலை என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான். அந்த மாதம் அவன் படைப்பிரிவு கடல் கடந்து போவதாக இருந்தது. ஒன்பது மாதம். வெள்ளிக்கிழமை புறப்பாடு. ஓஃபீலியா வியாழக்கிழமைக்கு லீவு போட்டு, என்ன சமைத்துக்கொண்டு போவது என்று லைனில் எல்லோரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய் காலை பத்து மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. புறப்பாடு இன்றைக்கே. பிற்பகல் மூன்று மணிக்குப் பஸ். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை முகாம் வாசலுக்கு வெளியே இருக்கும் பார்வையாளர் இடத்தில் குடும்பத்தாரைப் பார்க்கலாம்.

ஓஃபீலியா போனை வைத்துவிட்டுப் பாலத்து நிலவரம் பார்த்தாள். காரில் நாலு மணி நேரம். நடந்தால் மூன்று. அன்றைக்கு ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, எல்லாம் கையால் எழுதிப் பார்க்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றினாள்.

அனந்தலக்ஷ்மிதான் போய்க் கேட்டாள். கேட்டுவிட்டு, "வா, நடைபாதை வரிசைவரைக்கும் காரில் விடறேன்," என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு.

பாலத்தடியில் போய்ப் பார்த்தால், நடந்து போகிறவர்களின் வரிசை படிக்கட்டை விட்டு இறங்கி, மருந்துக்கடைகளையும் பல் டாக்டர்களின் போர்டுகளையும் தாண்டித் தெருமுனை திரும்பியிருந்தது. மணி பதினொன்றே கால். வரிசையின் கடைசியில் ஒரு கிழவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓஃபீலியா கதவைத் திறந்தாள்.

"நீ போ. வேலை கிடக்கும். நான் நின்னு பாக்கறேன்."

"ரெண்டரைக்குள்ள போக முடியாது."

"தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு நிக்கலாம்."

ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். அனந்தலக்ஷ்மி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். இடது பக்கம், நூறு அடி தள்ளி, சென்ட்ரி பாதை காலியாகக் கிடந்தது. பிற்பாடு ஜம்புநாதனிடம் சொல்லும்போது, அந்த நேரத்தில் தான் எதையும் யோசிக்கவே இல்லை என்றுதான் சொன்னாள். அது முழு உண்மை இல்லை. ஏற்றத்தில் நின்ற காரிலிருந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு சாயங்காலம் அவளுக்கு நினைவுக்கு வரத்தான் செய்தது. அது கணநேரம். நிறைய யோசித்தது அட்டையைப் பற்றித்தான்.

"கதவைச் சாத்து," என்றாள்.

ஓஃபீலியாவுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் இன்ஹெனியேரா. உன் அட்டையைப் பிடுங்கிடுவாங்க."

"ஆமா. உன் விசாவுக்கும் ஏதாவது ஆகலாம். நீதான் சொல்லணும்."

ஓஃபீலியாவிடம் இருந்தது எல்லையோர ஊர்களுக்கு மட்டும் போய்வரும் விசா. அதை எடுத்துக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அனந்தலக்ஷ்மி ஜம்புநாதனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். ஓஃபீலியாவை நம்ம லேன்ல கூட்டிட்டு வரேன். அவ பையன் இன்னிக்கே கிளம்பறான்."

அவன் ஆய்வகத்தை விட்டு வெளியே வரும் சத்தம் கேட்டது. பிறகு, "அவகிட்ட கார்டு இருக்கா?" என்றான்.

"இல்ல."

"ஹாஸ்பிட்டல் எமர்ஜென்சியா இருந்தா வேற விஷயம் அனந்தா. இதுக்குப் போய் ரிஸ்க் எடுக்கணுமா? கார்டு போச்சுன்னா டெய்லி மூணு மணி நேரம் நீதான் நிக்கணும், அதையும் யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"அப்புறம் என்ன, டிசைட் பண்ணிட்டுத்தானே போன் பண்றே." அதோடு, "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு. மறைக்காதே," என்றான்.

மறைக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. கவுண்டரில் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். உள்ளே இருந்த அதிகாரியைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறாள். நரைத்த மீசை, எப்போதும் "ஹௌ வாஸ் வொர்க்?" என்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள்: "சார், என் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சென்ட்ரி கிடையாது. விசா இருக்கு. விதி எனக்குத் தெரியும்."

அவர் குனிந்து ஓஃபீலியாவைப் பார்த்தார். "தெரிஞ்சேவா இந்த லேன்ல வந்தீங்க?"

"ஆமாம்."

"என்ன அவசரம்?"

"இவங்க பையன் பட்டாளத்துல இருக்கான். இன்னிக்கு மூணு மணிக்குப் புறப்படறான்."

"அது எமர்ஜென்சி இல்லையே மேடம்."

"இல்லைதான்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆரஞ்சு நிறத் துண்டுச்சீட்டு ஒன்றை வைப்பரின் அடியில் செருகி, வலது பக்கம் கையைக் காட்டினார்.

வலது பக்கத்துக் கொட்டகையில் காரைப் பிரித்து மேய்ந்தார்கள். நாய் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஓஃபீலியாவை உள்ளே அழைத்துப்போய்க் கேள்வி கேட்டார்கள். அனந்தலக்ஷ்மி வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெஞ்சில் உட்காருகிறாள். இவ்வளவு நாளும் இப்படி ஒரு பெஞ்சு இருப்பதையே அவள் கவனித்ததில்லை. பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தாள். சின்னப் பெண், தீக்ஷாவைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். ஓஃபீலியாவின் விசாவில் பிரச்சினை இல்லை, அவள் போகலாம் என்றாள். பிறகு அனந்தலக்ஷ்மியின் அட்டையைக் கேட்டு வாங்கி ஒரு காகித உறைக்குள் போட்டு, மேலே பெயரை எழுதினாள். அனந்தலக்ஷ்மி என்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி முடிக்க நேரம் பிடித்தது.

"கடிதம் வரும். இனிமே நீங்க பாஸ்போர்ட்டோட பொது லேன்ல வாங்க."

"சரி," என்றாள் அனந்தலக்ஷ்மி. பழக்கத்தில் "தேங்க்யூ" என்றும் சொல்லிவிட்டாள்.

முகாம் வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்று நாற்பது. காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நிறையக் குடும்பங்கள், நிறைய பலூன், எல்லோர் கையிலும் ஒரு உணவுப் பை. ஓஃபீலியாவிடம் மட்டும் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை செய்வதாக இருந்த சமையல் எல்லாம் பட்டியலாகவே நின்றுவிட்டது. அது அவளை உறுத்தியது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அனந்தலக்ஷ்மி பின்சீட்டிலிருந்து தன் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோனது, திறக்கவே இல்லை. உள்ளே புளியோதரை.

மாத்தேயோ வந்தான். இரண்டு பங்கு உயரம் அம்மாவைவிட. சின்ன வயதில் விடுமுறைக்குத் தொழிற்சாலைக்கு வரும்போதெல்லாம் இந்த மஞ்சள் சோற்றைச் சாப்பிட்டுப் பழகியவன். நின்றபடியே கையால் அள்ளிச் சாப்பிட்டான். ஓஃபீலியா அவன் சட்டையின் தோளிலிருந்து இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினார்கள் என்று அனந்தலக்ஷ்மிக்குக் கேட்கவில்லை. அவள் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது நிமிடம். இரண்டரைக்கு விசில் ஊதினார்கள். அவன் டப்பாவை மூடி, ஓடிவந்து, அனந்தலக்ஷ்மி கண்ணாடியை இறக்கியதும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

கடிதம் ஆறு வாரத்தில் வந்தது. இரண்டே வரி. நம்பிக்கைக்குரிய பயணி என்ற தகுதி ரத்து செய்யப்படுகிறது, மேல்முறையீடு செய்யலாம். ஜம்புநாதன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"அந்த அம்மாவுக்கு பிபி ஏறிடுச்சு, ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போனேன்னு ஒரு லைன் போடலாம். யாரு பாக்கப் போறா?"

"ஏறலையே."

"ஏறியிருக்கலாம்ல?"

"எழுந்திருங்க, நான் எழுதிக்கறேன்," என்றாள். நடந்ததை நடந்தபடி ஆறு வரியில் எழுதி அனுப்பினாள். மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று.

பாஸ்போர்ட் மறுபடி கைப்பைக்கு வந்தது. சாயங்காலங்கள் போய்விட்டன. கோடையில் ஒரு நாள் காரில் ஏசி நின்றுபோனது. நூற்றாறு டிகிரி வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் ஊர்ந்தாள். பக்கத்துப் பாதையில் சென்ட்ரி வண்டிகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ஏன் செய்தோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. ஐம்பது நிமிடத்துக்காக. அந்தப் பிள்ளை வீடியோவில் பேசியிருக்க மாட்டானா. அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் கம்பெனியின் இரண்டு ஆலைகளுக்கும் சேர்த்து ஒரு குவாலிட்டி தலைமை வேலை வந்தது. அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை பாலத்தில் போய்த் திரும்ப வேண்டிய வேலை அது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, வருத்தமாகத்தான் சொன்னார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் ஓஃபீலியாவோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. பேசக் கூடாது என்றில்லை, வாய் வரவில்லை. ஓஃபீலியாவும் வலியப் போய்ப் பேசவில்லை. காரணம் அவளுக்கா தெரியாது.

கார் வரிசை ஒத்துவராது என்று முடிவுசெய்து, செப்டம்பரிலிருந்து அனந்தலக்ஷ்மி காரை எல் பாசோ பக்கமே நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தாள். திரும்பும்போது நடைபாதை வரிசையில் நின்றால் ஒன்றரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். அப்படி நின்ற முதல் வாரத்தில் ஒரு விஷயம் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. வரிசையில் பாதிப் பேர் தெரிந்த முகமாக இருந்தார்கள். ஒயர் முனைகளை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் பிரிவின் இரண்டு பெண்கள், கேன்டீன் கணக்குப் பையன், டிரைவர் ஒருவன். அவர்களும் தினமும் எல் பாசோவுக்குத் திரும்புகிறவர்கள்தான். பத்து வருடமாக ஒரே பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். அவள் காரில் போய்விடுவாள், இவர்கள் மேலே கம்பி வேலிக்குப் பின்னால் நடந்திருக்கிறார்கள். "உங்க வெள்ளைக் கார் போறதை இங்கேருந்து பாப்போம்," என்றாள் ஒருத்தி சாதாரணமாக. அனந்தலக்ஷ்மி கம்பி வேலி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள்.

ஒரு வியாழக்கிழமை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஓஃபீலியா வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீ எங்கே போறே?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"எங்கேயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு நிக்கறே?"

"சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு நிக்கலாம்."

ஒரு மணி நேரம் கூடவே நகர்ந்து வந்தாள். புது மெஷின் சரியில்லை, மருமகளாக வரப்போகிறவள் ரொம்பப் பேசுகிறாள், மாத்தேயோ அனுப்பிய போட்டோவில் இளைத்திருக்கிறான் என்று ஏதேதோ பேசினாள். அந்த வேலை கை நழுவிப் போனதைப் பற்றிப் பேசவில்லை. காசு போட்டுத் தள்ளும் சுழல்கதவு வந்ததும், "நாளைக்குப் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். அடுத்த வியாழனும் வந்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. எந்த வியாழனில் தன் மனசிலிருந்த கசப்பு போனது என்று அனந்தலக்ஷ்மியால் சொல்ல முடியாது. ஒரு நாள் பார்த்தால் இல்லை, அவ்வளவுதான்.

மாத்தேயோ டிசம்பரில் நல்லபடியாகத் திரும்பி வந்தான். பிறகு அவனைக் கொலராடோ பக்கம் மாற்றிவிட்டார்கள்.

2024 கடைசியில் ஜம்புநாதன் விடாப்பிடியாக அவளை மறுபடி விண்ணப்பிக்க வைத்தான். பழைய ரத்தைப் பற்றிக் கேட்டிருந்த இடத்தில் அவள் அதே ஆறு வரியை எழுதினாள். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததே அதிசயம். கிளம்பும்போது காரில் அவளுக்குப் பாடம் எடுத்தான்.

"திரும்பப் பண்ணுவியான்னு கேப்பாங்க. நெவர்னு சொல்லிடு. விளக்கம்லாம் வேணாம். நெவர். முடிஞ்சுது."

பின்சீட்டில் இருந்த தீக்ஷா, "ஷி இஸ் நாட் கோயிங் டு சே தட், அப்பா," என்றாள் போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதிகாரி கேட்கத்தான் கேட்டார். முழுக் கோப்பையும் படித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இதே மாதிரி நிலைமை இன்னொரு தடவை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

நெவர் என்ற சொல் நாக்குவரை வந்தது. அனந்தலக்ஷ்மி ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் ஒன்றுமில்லை, மூடிய திரைதான்.

"அப்படி வராம பார்த்துப்பேன். வந்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. இப்ப ஏதாவது சொன்னா அது பொய்யாப் போயிடும். ஆனா எது செஞ்சாலும் முதல்ல உங்ககிட்ட சொல்லிடுவேன்."

அவர் ரொம்ப நேரம் தட்டச்சு செய்தார். இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறார் என்று பயமாக இருந்தது. வெளியே வந்து ஜம்புநாதனிடம் சொன்னபோது அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். வீடு வரும்வரை ரேடியோகூடப் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அட்டை தபாலில் வந்தது. கூடவே ஒரு கடிதம். அட்டைக்கான பதினாறு விதிகளும் அதில் இருந்தன, காரில் வருகிற எல்லோரிடமும் அட்டை இருக்க வேண்டும் என்ற விதியை மட்டும் யாரோ பேனாவால் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

மறுநாள் லைனில் ஓஃபீலியாவிடம் சொன்னாள். ஓஃபீலியா கையிலிருந்த ஒயர் முனைகளை எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அஞ்சு மணி மீட்டிங்குக்கு இனி நீயும் இருக்கணும். வரிசையில நிக்கணும்னு சொல்லித் தப்பிக்க முடியாது."

"இருக்கணும்தான்."

"கஷ்டம்," என்றாள் ஓஃபீலியா. பிறகு ஒரு முனையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இது சரியா பிடிக்கலை பாரு, இன்ஹெனியேரா." அனந்தலக்ஷ்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தாள்.